ஐந்து ரோபோக்களில் ஒன்று பொய் சொன்னால்

ஐந்து குட்டிச் சக்கர ரோபோக்கள் கொண்ட இந்த கிட்டை மூன்று வாரமாக ஓட்டிப் பார்க்கிறேன். 'தாக்குதல் நடந்தாலும் குழு கலையாது' என்று பெட்டியிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் வாங்கினேன், அதைத்தான் சோதித்தேன்.

ஐந்தும் ஒன்றோடொன்று பேசி ஒரே இடத்தில் கூடுவதுதான் இவற்றின் வேலை. உள்ளே ஓடுவது ஆர்ஓஎஸ் 2 என்ற ரோபோ மென்பொருள். அதில் பாதுகாப்பை நாமாக இயக்கினால்தான் உண்டு. இதிலும் அணைத்தே அனுப்பியிருந்தார்கள். மூன்றாம் ரோபோவை நிறுத்திவிட்டு, அதே வைஃபையில் லேப்டாப்பை இணைத்து அதன் பெயரில் ஒரு பொய் இடத்தை அனுப்பினேன். மற்ற நான்கும் மறுபேச்சில்லாமல் அந்தப் பக்கம் திரும்பின.

அப்புறம் ஒவ்வொன்றுக்கும் தனி டிஜிட்டல் சாவியும் சான்றிதழும் உருவாக்கி, அவை இல்லாதவரைச் சேர்க்காத 'என்ஃபோர்ஸ்' நிலையில் வைத்தேன். லேப்டாப்பை எதுவும் சீந்தவில்லை. கையேடு இதோடு முடிந்துவிடுகிறது. எனக்குப் பெரிய குறை அதுதான். சாவியை வைத்து யார் பேசுகிறார் என்று தெரியும், சரி. சொல்வது மெய்யா என்று எப்படித் தெரியும்?

மூன்றாம் ரோபோவின் மெமரி கார்டைக் கழற்றி நிரலை மாற்றினேன். 'கூடும் இடம் இதுதான்' என்று இடத்தைக் குறிக்கும் ஒரே எண்ணையே திரும்பத் திரும்பச் சொல்லும்படி வைத்தேன். மற்றவை அண்டை ரோபோக்களின் சராசரியைப் பார்த்து நகர்பவை. மெல்ல மெல்ல நான்கும் அந்த எண்ணுக்கே போய்ச் சேர்ந்தன. போன செய்திகள் எல்லாமே செல்லுபடியாகும் சான்றிதழோடு போனவை.

இந்த கிட்டின் அருமை, கையேடு ஒரு வரிகூடச் சொல்லாத ஒரு செட்டிங்கில் இருக்கிறது. 2013இல் ஹீத் லெப்ளாங்க், ஷ்ரேயாஸ் சுந்தரம் உள்ளிட்ட ஆய்வாளர்கள் நால்வர் வெளியிட்ட டபிள்யூ-எம்எஸ்ஆர் முறை அது. பொய்யர் ஒருவர் இருக்கலாம் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு ரோபோவும் தான் கேட்ட எண்களில், தன் மதிப்பைவிடப் பெரியவற்றில் மிகப் பெரிய ஒன்றையும், சிறியவற்றில் மிகச் சிறிய ஒன்றையும் தள்ளிவிட்டு, மீதியோடு தன்னுடையதையும் சேர்த்துச் சராசரி எடுக்கும். பொய்யர் யார் என்று கண்டுபிடிக்கவே வேண்டாம்! இயக்கிய பிறகு நான்கும் தங்கள் தொடக்க இடங்களுக்கு நடுவிலேயே கூடின. பார்க்கப் பார்க்க அவ்வளவு நிறைவாக இருந்தது.

ஆனால் இணைப்பு தாராளமாக இருக்க வேண்டும். வளையம் போல ஆளுக்கு இரண்டே அண்டை என்று மாற்றியபோது, பொய்யரே இல்லாமலும் இரண்டும் மூன்றுமாகப் பிரிந்து நின்றுவிட்டன. இரண்டு கூட்டங்களும் சந்திக்கும் எல்லையில் இருபுறமும் நின்றவை ஒன்றின் மதிப்பை மற்றொன்று தள்ளிவிட்டதால் வந்த வினை.

ஐந்தும் ஒன்றையொன்று கேட்கும்படி வைக்க முடிந்தால் தைரியமாக வாங்குங்கள். அந்த செட்டிங் மூன்றாவது மெனுவில், 'மேம்பட்டவை' என்பதற்குக் கீழே கடைசி வரியாக இருக்கிறது.