இறக்கை கிரிப்: ஒன்றரை வருடம் ஓட்டிய பிறகு

சைக்கிள் ஹேண்டில்பாரில் மாட்டும் கைப்பிடி உறைகளில், உள்ளங்கையைத் தாங்கப் பின்பக்கம் தட்டையாக விரிந்திருப்பவைதான் இறக்கை வடிவ கிரிப்புகள். "ஜெல் கையுறை போட்டும் சுண்டுவிரல் மரத்துப்போகுது, இதை மாத்தினா சரியாகுமா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். தட்டை ஹேண்டில்பார் ஹைபிரிட் சைக்கிளில் ஒன்றரை வருடம் ஓடிய ஜோடியை வைத்துச் சொல்கிறேன்: பெரும்பாலும் சரியாகும். ஆனால் கிரிப்பை ஹேண்டில்பாரில் இறுக்கும் அந்த ஒற்றை போல்ட் இருக்கிறதே, அதன்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை.

உள்ளங்கையில் சுண்டுவிரல் பக்கம், மணிக்கட்டை ஒட்டி, பட்டாணி எலும்புக்கும் கொக்கி எலும்புக்கும் நடுவே கியோன் கால்வாய் என்ற குறுகிய வழி உண்டு. சுண்டுவிரலுக்கு உணர்வு தரும் உல்நார் நரம்பு அதற்குள்தான் போகிறது. உருண்டை கிரிப் உடல் எடையை அந்த இடத்தில் ஒரு கோடாக இறக்குகிறது. இறக்கை கிரிப் அதையே உள்ளங்கை மேடு முழுக்கப் பரப்புகிறது. ஜெல் கையுறையை நம்ப முடியாததற்குக் காரணமும் இதுதான். மென்மையான ஜெல் எடை ஏறியதும் நசுங்கி ஒதுங்கிவிடும். தடித்த திட்டு நேராகக் கால்வாய்மேல் உட்கார்ந்தால் அழுத்தம் கூடத்தான் செய்யும். இந்த கிரிப்பில் இரண்டு மணி நேரம் ஓட்டினாலும் சுண்டுவிரலில் உணர்வு அப்படியே இருக்கிறது. இவ்வளவு மாற்றத்தை எதிர்பார்க்கவில்லை.

இப்போது போல்ட். இறக்கையின் பின்விளிம்பில் கை அழுந்த அழுந்த, அது நெம்புகோல்போல வேலை செய்து கிரிப்பைக் கீழ்நோக்கித் திருப்புகிறது. சில டிகிரி சரிந்தாலே போதும்: மணிக்கட்டு தொய்ந்து பின்னால் வளையும். பிறகு கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் கூசத் தொடங்கும். அது மணிக்கட்டின் நடுவே போகும் மீடியன் நரம்பு. ஒரு நரம்பைக் காப்பாற்றப் போய் இன்னொன்றைச் சிக்கவைத்த கதை. சரியாமல் இருக்க இறக்கையை அதிகம் தூக்கி வைத்தாலும் தப்பு, விளிம்பு கால்வாயிலேயே குத்தும். முன்னங்கையும் புறங்கையும் ஒரே கோட்டில் நிற்பதுதான் சரியான கோணம். பிரேக் லீவரையும் அதே கோட்டுக்குத் திருப்பிவிட வேண்டும்.

மாட்டும்போது பழைய கிரிப்புக்கு அடியில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் விட்டுக் கழற்றி, பாரைத் துடைத்து, முழுக்கக் காய விடுங்கள். எண்ணெயோ கிரீஸோ தொடவே கூடாது. கிரிப்பைக் கடைசிவரை தள்ளிய பிறகே முடுக்க வேண்டும். பெரும்பாலானவற்றுக்கு முடுக்கும் அளவு 5 நியூட்டன் மீட்டர், ஆனால் உங்கள் கிரிப்பில் அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். சரிகிறதே என்ற எரிச்சலில் அதற்கு மேல் இறுக்கினால் மரை போய்விடும். கார்பன் இழையில் செய்த பார் என்றால், வழுக்காமல் பிடிக்க வைக்கும் கார்பன் பேஸ்ட் பூசுங்கள். கோணம் அமைந்ததும் கவ்வியிலும் பாரிலும் சேர்த்து பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட்டால் சரிந்தது உடனே தெரியும்.

சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருந்தால் எந்த கிரிப்பும் உதவாது. உடல் முன்னால் வழுக்கி, எடை மொத்தமும் கையில் விழும். முதலில் லெவல் வைத்து சீட்டைச் சமன் செய்யுங்கள், டயர் காற்றைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள், சில நிமிடங்களுக்கு ஒருமுறை பிடியை மாற்றுங்கள். பணம் அதற்குப் பிறகு.

சுண்டுவிரலோடு புறங்கையும் மரத்தால் சிக்கல் மணிக்கட்டில் இருக்க வாய்ப்பு குறைவு. புறங்கைக்குப் போகும் கிளை மணிக்கட்டுக்கு மேலேயே பிரிந்துவிடுகிறது, எனவே முழங்கையையோ கழுத்தையோ பார்க்க வேண்டும். மரப்பே இல்லாமல் பலம் மட்டும் குறைவதும் உண்டு, அதுதான் ஆபத்து. ஒரு தாளைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே பிடித்து, இன்னொருவரை இழுக்கச் சொல்லுங்கள். கட்டைவிரல் நுனி மூட்டு மடங்கினாலோ, அவ்விரு விரல்களுக்கு நடுவே சதை குழிந்திருந்தாலோ சைக்கிளை நிறுத்திவிட்டு நரம்பு மருத்துவரிடம் போங்கள். நரம்பு வழியே சைகை சரியாகப் போகிறதா என்று பார்க்கும் நரம்புக் கடத்தல் சோதனை தேவைப்படலாம், சரியாக மாதங்கள் ஆகலாம்.

போல்ட்டை மாதம் ஒருமுறை சபித்துக்கொண்டே முடுக்கினாலும் உருண்டை கிரிப்புக்கு நான் திரும்ப மாட்டேன். வாங்குங்கள். இரண்டு முனையிலும் கவ்வி உள்ள மாடல் கிடைத்தால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாவது அதை எடுங்கள்.