குரோம்அகர் ஈ.எஸ்.பி.எல் தட்டு: கழிவுநீருக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

குரோம்அகர் ஈ.எஸ்.பி.எல், மருத்துவமனை ஆய்வகத்தை மனத்தில் வைத்து உருவான, பாக்டீரியா வளர்க்கும் ஊடகம். செஃபோடாக்சிம் போன்ற மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின் ஆன்டிபயாடிக்குகளைச் சிதைக்கும் நொதி (அதுதான் ஈ.எஸ்.பி.எல்) கொண்ட பாக்டீரியாவை மட்டும் வளரவிட்டு, இனத்துக்கு ஒரு நிறம் காட்டும். ஈ.கோலை அடர் இளஞ்சிவப்பு. கிளெப்சியெல்லா, என்டரோபாக்டர் கூட்டம் உலோக நீலம். புரோட்டியஸ் பழுப்பு வளையம். நிறத்தைப் பிரித்துக் காட்டுவதில் குறை சொல்ல இடமில்லை. சுத்திகரிப்பு நிலையத்தின் நுழைவு நீரையும் வெளியேறும் நீரையும் ஒப்பிட இதை மட்டும் நம்பலாமா என்றால், கூடாது. காரணம் பின்னால் வருகிறது.

தயாரிப்பு எளிது. 1 லிட்டர் நீருக்கு 33 கிராம் தூள். கிளறிக்கொண்டே கொதிக்கவிட்டு அகர் முழுதும் கரைந்ததும் இறக்க வேண்டும். ஆட்டோகிளேவில் 121 டிகிரிக்கு ஏற்றக் கூடாது. 48 முதல் 50 டிகிரிக்கு ஆறியபின் ஆன்டிபயாடிக் கலவையைச் சேர்த்து ஊற்றலாம். பெரும்பாலான தோல்விகள் இந்த இடத்தில்தான். அவசரத்தில் சூட்டோடு கலந்தால் மருந்து வீரியம் இழக்கும். தட்டு அழகாக இருக்கும், ஆனால் எதிர்ப்பே இல்லாத ஈ.கோலையும் அதில் வளர்ந்து நிற்கும். ஒவ்வொரு தொகுதியிலும் இரண்டு தட்டுகளைச் சோதனைக்கு ஒதுக்குங்கள். எதிர்ப்பில்லாத ஒப்பீட்டு வகையான ஏடிசிசி 25922 ஈ.கோலை வளரக் கூடாது, ஈ.எஸ்.பி.எல் உள்ள ஒப்பீட்டு வகையான ஏடிசிசி 700603 கிளெப்சியெல்லா நீலமாக வளர வேண்டும். முதலாவது முளைத்தால் அந்தத் தொகுதி முழுவதும் குப்பைக்கு. ஊற்றிய தட்டுகள் வெளிச்சம் படாமல் குளிர்பெட்டியில் இருக்கட்டும்.

இனி கழிவுநீர். நோயாளியின் மாதிரியில் இல்லாத சிக்கல் இங்கே கூட்டத்தால் வருகிறது. சூடோமோனாஸ், அசினெட்டோபாக்டர், ஏரோமோனாஸ் எல்லாம் சாக்கடையின் நிரந்தரக் குடிமக்கள். இந்த மருந்துகளைப் பிறவியிலேயே ஓரளவு தாங்குபவையும் அவற்றில் உண்டு. முதல் இரண்டும் வெளிர் காலனிகளாக வருவதால் ஒதுக்கிவிடலாம். ஏரோமோனாஸ் நீலமாக வந்து கிளெப்சியெல்லா வேடம் போடலாம். ஆக்சிடேஸ் என்ற நொதியைத் தேடும் நிறச் சோதனை இதைப் பிரித்துவிடும், ஆனால் நிறக் காலனியின் மேலேயே அதைச் செய்யாதீர்கள். சாயமே முடிவைக் குழப்பும். சாதாரண ஊட்ட அகரில் ஒருமுறை மாற்றி வளர்த்துவிட்டுப் பாருங்கள்.

24 மணி நேரத்துக்கு மேல் இன்குபேட்டரில் விட்டால் இன்னொரு வேடிக்கை. எதிர்ப்புள்ள காலனி சுரக்கும் நொதி தன்னைச் சுற்றியுள்ள மருந்தைத் தின்றுவிடும். அந்த நிழலில் எதிர்ப்பில்லாதவையும் பொடிப்பொடியாக முளைக்கும். 37 டிகிரியில் 18 முதல் 24 மணிக்குள் எண்ணி முடிப்பதே சரி.

மாதிரி எடுப்பதில் கோட்டைவிட்டால் எந்தத் தட்டும் காப்பாற்றாது. குளோரின் கலந்த வெளியேறும் நீர் என்றால் 120 மில்லி பாட்டிலில் 10 சதவீத சோடியம் தயோசல்ஃபேட் 0.1 மில்லி முன்கூட்டியே இருக்க வேண்டும். இல்லையெனில் வண்டியில் வரும் வழியெல்லாம் குளோரின் கொன்றுகொண்டே வரும், நிலையத்துக்குத் தகுதியில்லாத நற்பெயர் கிடைக்கும். புறஊதா விளக்கு தாண்டிய மாதிரியை இருட்டில் வையுங்கள். வெளிச்சம் பட்டால் சில பாக்டீரியா தன் டிஎன்ஏ சேதத்தைச் சரிசெய்துகொள்ளும். குளோரினில் அடிபட்டுச் சாகாமல் இருக்கும் செல்கள் மருந்துத் தட்டில் நேரடியாக எழாது. வடிகட்டிய சவ்வை முதலில் மருந்தில்லாத அகரில் 2 முதல் 4 மணி நேரம் வைத்துவிட்டு மாற்றினால் எண்ணிக்கை கூடும். எதைச் செய்தாலும் எல்லா மாதிரிக்கும் ஒரே மாதிரி செய்யுங்கள்.

நீர்த்தலுக்கு ஒரு கணக்கு. சுத்திகரிக்காத கழிவுநீரில் 100 மில்லிக்கு ஈ.கோலை 10 லட்சம் முதல் 1 கோடி வரை இருப்பது வழக்கம். 50 லட்சம் என்றும், அதில் எதிர்ப்புள்ளவை 50,000 என்றும் வைத்துக்கொள்வோம். நீர்க்காத மாதிரியில் 0.1 மில்லி பரப்பினால் 50 காலனி. பின்னணிக் கூட்டம் மிகுந்தால் பத்தில் ஒன்றாக நீர்த்த தட்டும் தேவை. வெளியேறும் நீருக்கு 0.45 மைக்ரான் சவ்வில் 1, 10, 100 மில்லி என மூன்று அளவு வடிகட்டுங்கள். சவ்வில் 20 முதல் 80 காலனி வந்ததை எண்ணுங்கள். தெளிவில்லாத நீரில் 100 மில்லி பாதியிலேயே அடைத்துக்கொள்ளும், சேற்றின் பழுப்பில் இளஞ்சிவப்பும் மங்கும்.

அதே நிலையத்தின் வெளியேறும் நீரில் 100 மில்லிக்கு எதிர்ப்புள்ளவை 1,500 வந்தால்? 97 சதவீதம் ஒழிந்தது என்று தட்டு சொல்லும். ஆனால் மொத்த ஈ.கோலை 50,000 ஆக இறங்கியிருந்தால், எதிர்ப்புள்ளவற்றின் பங்கு 1 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாக ஏறியிருக்கிறது. எண்ணிக்கை குறைந்து விகிதம் கூடியிருக்கிறது. உள்ளே எதிர்ப்புள்ளவை மற்றவற்றைவிட மேலாகப் பிழைத்திருக்கின்றன. இந்தத் தட்டால் அதைக் காட்டவே முடியாது, ஏனென்றால் வகுக்க வேண்டிய எண் அதில் இல்லை. மருந்து சேர்க்காமல் இதே தூளை ஊற்றி மொத்தத்தை எண்ணலாமே என்று தோன்றும். சாக்கடையின் மற்ற பாக்டீரியா அத்தனையும் அதில் ஏறி ஈ.கோலையை மூடிவிடும்.

ஈ.கோலை விகிதம்தான் வேண்டும் என்றால், ஈ.கோலையை நிறத்தால் காட்டும் இன்னொரு ஊடகமான டிபிஎக்ஸ் அகர் இதைவிட மேல். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட ட்ரைசைக்கிள் நெறிமுறையும் அந்த வழியில்தான் போகிறது: ஒரே அகர், ஒன்றில் லிட்டருக்கு 4 மில்லிகிராம் செஃபோடாக்சிம், மற்றதில் எதுவும் இல்லை. பித்த உப்பு பின்னணியை அடக்கும், ஈ.கோலை நீலப்பச்சையாகத் தெரியும். செஃபோடாக்சிமை மில்லிக்கு 4 மில்லிகிராம் கரைசலாகச் செய்து 0.22 மைக்ரானில் வடிகட்டி, சிறு குப்பிகளாக உறையவைத்தால் ஒரு லிட்டர் அகருக்கு 1 மில்லி போதும். உருகிய குப்பியை மறுபடி உறையவைக்காதீர்கள்.

பெயரை நம்பியும் ஏமாறக் கூடாது. ஈ.எஸ்.பி.எல் அல்லாத, கார்பபெனெம் மருந்துகளையும் சிதைக்கும் என்டிஎம் நொதி கொண்ட ஈ.கோலையும் குரோம்அகரில் அதே இளஞ்சிவப்பில் வளரும்; அதே வேலையைச் செய்யும் ஓஎக்ஸ்ஏ-48 நொதி மட்டும் உள்ளது வளராமலே நழுவலாம். ஆகவே அறிக்கையில் 'உத்தேச' என்ற சொல் கட்டாயம். உறுதிசெய்ய செஃபோடாக்சிம், செஃப்டாசிடிம் மருந்து வில்லைகளை, ஈ.எஸ்.பி.எல் நொதியைத் தடுக்கும் கிளாவுலானிக் அமிலத்தோடும் இல்லாமலும் வையுங்கள். ஏதாவது ஒன்றில், வளர்ச்சியில்லாத வளையம் அமிலம் சேர்ந்ததால் 5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ கூடுதலாக விரிந்தால் ஈ.எஸ்.பி.எல்.

கிளெப்சியெல்லாவையும் சேர்த்துத் தேடுபவர்கள், மருத்துவமனை வடிகாலில் என்னென்ன இனம் ஓடுகிறது என்று பார்ப்பவர்கள் குரோம்அகரை வாங்கலாம். நிலையத்தின் செயல்திறனுக்கு மதிப்பெண் போடுபவர்களுக்கு டிபிஎக்ஸ் ஜோடி போதும்.