தர்மபுரி ரோடுகளுக்கு எது தோது: மேப்பிலரி, கார்ட்டாவியூ, பனோராமாக்ஸ்

யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடம் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். பென்னாகரம் பக்கத்து ரோட்டை அதில் வரைய செயற்கைக்கோள் படமே போதும். ஆனால் கூட்ரோட்டுப் பலகையில் எந்த ஊர்ப் பெயர் இருக்கிறது, பஸ் ஸ்டாப் எந்தக் கைப்பக்கம், வேகத்தடை எங்கே என்பதெல்லாம் மேலிருந்து தெரியாது. கூகுள் ஸ்ட்ரீட் வியூவைப் பார்த்து வரைய உரிமம் கிடையாது. ரோட்டில் போகும்போது நாமே படம் எடுத்து, அதற்கான தளத்தில் ஏற்றுவதுதான் வழி. அப்படிப்பட்ட தளங்கள்தான் மேப்பிலரி, கார்ட்டாவியூ, பனோராமாக்ஸ் மூன்றும்.

முதல் கை மேப்பிலரிக்கே. 2013-ல் ஸ்வீடனில் தொடங்கி, 2020-ல் ஃபேஸ்புக் கைக்குப் போனது. முகத்தையும் நம்பர் பிளேட்டையும் மங்கலாக்கிவிடும். சாலைப் பலகைகளை அதுவே கண்டுபிடித்துப் புள்ளி வைக்கும். அந்தப் புள்ளியை அப்படியே மேப்பில் ஏற்றிவிடாதீர்கள். லாரியின் பின்னால் வட்டம் போட்டு எழுதிய 80-ஐ வேக வரம்புப் பலகை என்று அது எடுத்துக்கொள்ளக்கூடும். தேசிய நெடுஞ்சாலை 44-ல் லாரிக்கா பஞ்சம்? படத்தைத் திறந்து பார்த்த பிறகே சேருங்கள்.

கார்ட்டாவியூ என்பது பழைய ஓப்பன்ஸ்ட்ரீட்கேம். இப்போது கிராப் நிறுவனத்துடையது. ஏற்கெனவே படம் இருந்தால் பார்த்து வரையலாம். இங்கே புதிதாகத் தொடங்குகிறவர் அதற்குப் போகக் காரணம் தெரியவில்லை.

பனோராமாக்ஸ் வேறு ரகம். பிரான்சின் அரசு நில வரைபட நிறுவனமும் அந்நாட்டு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் அமைப்பும் 2022-ல் தொடங்கியது. மென்பொருள் திறந்த மூலம், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். வேண்டுமானால் சொந்த சர்வரிலேயே நிறுவிக்கொள்ளலாம். நாளைக்கு முதலாளி மாறுவாரோ என்ற பயம் இல்லை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் கணக்கிலேயே உள்ளே போகலாம். பிரான்சு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் அமைப்பின் சர்வரில் ஏற்றுங்கள். அரசு நிறுவனத்தின் சர்வர் பிரான்சுப் படங்களுக்கானது.

எங்கள் யோசனை: மேப்பிலரியில் ஏற்றுங்கள், ஒரிஜினலை ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள், அதையே பனோராமாக்ஸிலும் போடுங்கள். படம் உங்களுடையது, இரண்டு இடத்தில் வைக்கத் தடையில்லை. அதற்கு முன் அந்தத் தளங்களின் மேப்பில், யாரோ படம் எடுத்ததைக் காட்டும் கோடு உங்கள் ரோட்டில் ஏற்கெனவே ஓடுகிறதா, அது எந்த வருஷத்துப் படம் என்று பாருங்கள்.

எதில் ஏற்றினாலும், எடுத்த விதம் சரியில்லை என்றால் வீண். 40 கிலோமீட்டர் வேகத்தில் 2 வினாடிக்கு ஒரு படம் என்றால் 22 மீட்டருக்கு ஒன்று விழும். கடைத்தெருவுக்கு அது போதாது, வேகத்தை 20-க்கு இறக்குங்கள். மணிக்கு 1,800 படம். ஒன்று 5 எம்பி என்றால் 9 ஜிபி. மதியம் 4 மணிக்கு மேல் பென்னாகரம் நோக்கி மேற்கே போனால் சூரியன் நேராக லென்ஸில். காலையில் பர்கூர் வழியாகக் கிழக்கே போகிறவருக்கும் அதே பாடு. போனை மாட்டும் காந்த ஹோல்டர் போனின் திசைகாட்டியைக் குழப்பும், படம் வயலைப் பார்த்துத் திரும்பி நிற்கும். கவ்வுகிற ஹோல்டரே மேல். ஒகேனக்கல் காட்டுப்பாதையில் போன் சிக்னல் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், ஆனால் முதல் பிடிப்புக்கு நேரமாகும். பென்னாகரத்திலேயே ஆப்பைத் திறந்து, புள்ளி நிலைத்த பிறகு கிளம்புங்கள்.

தனி கேமராவில் எடுத்து, போன பாதையை நேரத்தோடு பதிந்த ஜிபிஎக்ஸ் கோப்போடு பொருத்துகிறவர்கள் தடுக்கி விழும் இடம் கடிகாரம். ஜிபிஎக்ஸில் இருப்பது உலகப் பொது நேரம், கேமராவில் இருப்பது நம் நேரம். வித்தியாசம் ஐந்தரை மணி. 5 என்றோ 6 என்றோ முழு எண்ணாகப் போட்டால் அரை மணி நேரம் தள்ளிப்போய், தொப்பூரில் எடுத்த படம் தர்மபுரியில் போய் உட்காரும். 2 வினாடி பிசகே 40 கிலோமீட்டர் வேகத்தில் 22 மீட்டர். கிளம்பும்போது போனில் வினாடியோடு ஓடும் ஜிபிஎஸ் நேரத்தை அந்தக் கேமராவாலேயே ஒரு படம் எடுத்து வையுங்கள். எத்தனை வினாடி கூட்டுவது, கழிப்பது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.