காருக்குள் பெட்ரோல் வாடை: எப்போது வருகிறது என்று கவனியுங்கள்

எங்களுடையது 2012 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். சென்னையில்தான் ஓட்டம், அவ்வப்போது ஊருக்கும் போய்வரும். சில வருடங்களுக்கு முன் காருக்குள் பெட்ரோல் வாடை வர ஆரம்பித்தது. அதைச் சரிசெய்த பிறகு கோடையும் மழையும் மாறி மாறிப் பார்த்தாகிவிட்டது. வேலை நின்று பிடித்திருக்கிறது என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன்.

வீட்டில் சிலிண்டர் வாடை அடித்தால் ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்துவிட்டு, ஸ்விட்ச் பக்கமே போக மாட்டோம். காரில் மட்டும் ஒரு பெர்ஃப்யூமை வாங்கி மாட்டிவிட்டு ஓட்டுகிறோம். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே கலைந்து போகாமல் சீட்டுக்கு அடியிலும், மூடிய பார்க்கிங்கின் தரையோடும் தேங்கி நிற்கும். காற்றில் 1.4 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். அதனால் லேசான வாடைதானே என்று தள்ளிப்போடக் கூடாது.

வாடை எங்கிருந்து வருகிறது என்பதைவிட, எப்போது வருகிறது என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டில் வந்து, இன்ஜின் சூடானதும் மறைந்தால், இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் ஓ-ரிங்கை, அதாவது ரப்பர் வளையத்தைப் பார்க்க வேண்டும். குளிரில் ரப்பர் சுருங்கிக் கசியும், சூட்டில் இறுகிக்கொள்ளும். ஏசியில் வெளிக்காற்று திறந்திருக்கும்போது மட்டும் வந்தால் கசிவு பானெட்டுக்குள் இருக்க வாய்ப்பு அதிகம், ஏனென்றால் அந்தக் காற்று கண்ணாடிக்குக் கீழே இருந்துதான் உள்ளே வருகிறது. டேங்க் நிறைந்திருக்கும்போது மட்டும் வந்தால் டேங்கின் மேல்பக்கம்.

எங்களுக்கு வந்தது இந்தக் கடைசி வகை. பின்சீட்டில் உட்காரும் அம்மாதான் முதலில் சொன்னார். முன்னால் இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. டேங்க் ஃபுல் பண்ணிய கையோடு ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கினால் குப்பென்று அடிக்கும். பாதி டேங்குக்குக் கீழே போனதும் சுத்தமாக இருக்காது.

ஒரு சர்வீஸ் சென்டரில் காட்டினோம். பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, டேங்குக்குள் இருக்கும் ஃபியூவல் பம்ப் அசெம்பிளியை முழுதாக மாற்ற வேண்டும் என்று எஸ்டிமேட் போட்டார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. பம்ப் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. வண்டியை எங்கள் தெருமுனை மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். விவரத்தைச் சொன்னதும் அவர் கேட்டது ஒன்றுதான்: "ஃபுல் பண்ணினா மட்டும்தானே சார்?" நேராகப் பின்சீட் குஷனைக் கழற்றினார். அதற்கடியில் ஒரு தகர மூடி, நாலு ஸ்க்ரூ. மூடியை எடுத்தால் பம்பின் தலை தெரிகிறது.

அங்கே பார்த்ததை மறக்க முடியாது. டேங்கின் மேல் பல வருடத் தூசி பழுப்பாகப் படிந்திருந்தது. பம்பைச் சுற்றி ஒரு பக்கம் மட்டும் பிறை வடிவில் தூசியே இல்லை, கழுவிவிட்ட மாதிரி சுத்தம், ஓரத்தில் காய்ந்த கறை. பெட்ரோல் அங்கேதான் ததும்பி ததும்பி வெளியே வந்திருக்கிறது. பம்பின் பிளாஸ்டிக் தலையில் விரிசல் இருக்கிறதா என்று விரல் வைத்துத் தடவிப் பார்த்தார். இல்லை. விரிசல் இருந்திருந்தால் பம்பையே மாற்ற வேண்டியிருக்கும். இங்கே போனது பம்புக்கும் டேங்குக்கும் நடுவே இருக்கும் ரப்பர் சீல் ரிங் மட்டும்தான்.

அன்று வேலையைத் தொடங்கவில்லை, அதுவும் சரிதான். டேங்க் கால் அளவுக்குக் கீழே வந்த பிறகுதான் வரச்சொன்னார். பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு, வண்டி தானாக ஆஃப் ஆகும்வரை ஓடவிட்டால் லைனில் இருக்கும் மூன்று பார் அழுத்தம் இறங்கிவிடும். அப்புறம் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்ற வேண்டும். நாலு கதவும் திறந்து, வெட்டவெளியில், பக்கத்தில் தீயணைப்பான் வைத்துக்கொண்டுதான் செய்தார். பம்பை டேங்கோடு பிடித்திருக்கும் லாக் ரிங்கை இரும்புச் சுத்தியலால் தட்டாமல் மரக்கட்டை வைத்துத் திருப்பினார், பொறி பறக்கக் கூடாது என்பதற்காக. உங்கள் மெக்கானிக் இதில் எதையாவது விட்டால் தயங்காமல் கேளுங்கள்.

வெளியே வந்த சீல் தட்டையாகி, ஒரு பக்கம் கல் மாதிரி இறுகி, மறுபக்கம் உப்பியிருந்தது. இத்தனை வருட ரப்பர் அப்படித்தான் ஆகும். எத்தனால் பழைய ரப்பரை உப்பவைக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2023 பிப்ரவரியில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் நம் நாட்டு பங்க்குகளுக்கு வரத் தொடங்கியது. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் சீலையும் ஹோஸையும் வாடை வரும் முன்பே மாற்றிவிடுவது நல்லது என்பது என் கருத்து. புது சீல் ஜி.பி. ரோட்டில் கிடைத்தது. பம்ப் அசெம்பிளியோடு ஒப்பிட்டால் விலை ஒன்றுமே இல்லை. கழற்றிய சீலை மறுபடி போடாதீர்கள், உப்பியது பள்ளத்தில் உட்காராது. மாற்றியதும் டேங்க் ஃபுல் பண்ணி, சுற்றிலும் டிஷ்யூ பேப்பர் வைத்து ஒரு ரவுண்ட் ஓட்டினோம். பேப்பர் காய்ந்தே இருந்தது.

பல மாதம் கழித்து மறுபடி ஒரு வாடை. இந்த முறை முன்பக்கம், ஏசியில் வெளிக்காற்றைத் திறந்தால் மட்டும். கூடவே, பெட்ரோல் போட்டுவிட்டு ஸ்டார்ட் பண்ணினால் இன்ஜின் இழுத்து இழுத்துத்தான் பிடிக்கும். டேங்கின் ஆவியைப் பிடித்துவைக்கும் கரி டப்பா, அதாவது கேனிஸ்டர், எங்கள் காரில் பானெட்டுக்குள் இருக்கிறது. அதிலிருந்து இன்ஜினுக்குப் போகும் பர்ஜ் வால்வு, இன்ஜின் ஆஃபில் இருக்கும்போது மூடியிருக்க வேண்டும். கழற்றி ஒரு பக்கம் காற்றடித்தால் மறுபக்கம் தாராளமாக வந்தது, அதாவது வால்வு மூடவே இல்லை. கேனிஸ்டர் ஹோஸும் கிளாம்ப் ஓரத்தில் வெடித்திருந்தது. இரண்டையும் மாற்றியதும் வாடை, ஸ்டார்ட்டிங் தொல்லை இரண்டும் ஒன்றாகப் போயின. ஹோஸ் வாங்கும்போது மேலே ஆர்9 என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள், அது இன்ஜெக்ஷன் வண்டிக்கானது. கார்புரேட்டர் காலத்து ஹோஸைப் போட்டால் சீக்கிரமே வெடித்துவிடும்.

பங்க்கில் ஆட்டோ கட் ஆனதும், "ரவுண்ட் பண்ணிடவா சார்?" என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மேலே மேலே அடித்தால் ஆவிக்கான குழாயில் பெட்ரோலே போய்க் கரியை நனைத்துவிடும். நனைந்த கரி ஆவியைப் பிடிக்காது.

இப்போது வருடம் ஒருமுறை குஷனைத் தூக்கி, தூசிப்படலம் அப்படியே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறோம். அடுத்த சர்வீஸில் பெட்ரோல் போடும் மூடிக்கும் டேங்குக்கும் நடுவே போகும் தடித்த ரப்பர் குழாயை மாற்றச் சொல்லியிருக்கிறேன். இன்னும் கசியவில்லை, ஆனால் வளைவில் மயிரிழை வெடிப்புகள் தெரிய ஆரம்பித்துவிட்டன.