வீராவுக்குள் ஜிஎஸ்ஆர் டர்போ எஞ்சின்: 42 மி.மீ. அலுமினிய ரேடியேட்டர் தாங்குகிறதா?

டர்போ எஞ்சின் ஏற்றிய என் புரோட்டோன் வீரா காருக்குத் தடித்த ரேடியேட்டர் தேவைப்பட்டது. ஆன்லைனில் 'வீரா ஜிஎஸ்ஆர் டபுள் லேயர்' என்று தேடினால் ஒரே மாதிரி முகத்தோடு வரிசையாக வந்து நிற்குமே, அந்தப் பெயரில்லாத அலுமினிய ரேடியேட்டர்களில் ஒன்றைத்தான் வாங்கினேன். தடிமன் 42 மி.மீ., மேனுவல் கியருக்கானது, விலை 400 வெள்ளிக்குள். பொருள் மோசமில்லை. ஆனால் இதை மட்டும் மாட்டிவிட்டு ஏர்கோன் போட்டுக்கொண்டு மதியம் மூன்று மணி ஜாமில் நிம்மதியாக உட்காரலாம் என்று நினைக்காதீர்கள்.

கார் பழைய புரோட்டோன் வீரா 1.5. இப்போது உள்ளே இருப்பது ஹாஃப் கட்டில், அதாவது பாதியாக வெட்டி இறக்குமதி செய்யும் பழைய காரில், வந்த மிட்சுபிஷி லான்சர் ஜிஎஸ்ஆரின் 4ஜி93 டர்போ எஞ்சின். பழைய 1.5 எஞ்சினுக்கு 90 குதிரைத்திறன் என்றால் இதற்கு 195. பெட்ரோல் எரிந்து வரும் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூலண்டுக்கு, அதாவது எஞ்சினைக் குளிர்விக்க ஓடும் தண்ணீருக்குத்தான் போகிறது. அதனால் முழு பூஸ்டில் (டர்போ காற்றை முழு அழுத்தத்தில் தள்ள) ஏற்றம் ஏறும்போது, கம்பெனி கொடுத்த மெல்லிய ரேடியேட்டர் இரண்டு மடங்கு சூட்டைத் தள்ள வேண்டியிருக்கிறது. போதாததற்கு முன்னால் டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இண்டர்கூலர், அதன் பின்னால் ஏர்கோன் கண்டென்சர், அதற்கும் பின்னால்தான் ரேடியேட்டர். காற்று வந்து சேரும்போதே பாதி சூடாகிவிடுகிறது. எஞ்சின் பக்கமோ டர்போ ரேடியேட்டரை முறைத்துக்கொண்டு நிற்கிறது. 42 மி.மீ. போட்டதும் ஃபேனுக்கு இடம் இறுகிப்போய், ஒல்லி ஃபேனாகத் தேட வேண்டியதாயிற்று.

மாட்டுவதில் கொஞ்சம் தகராறு. கீழே ரப்பருக்குள் உட்காரும் குமிழ்கள் சரியாக உட்கார்ந்தன. மேல் பிராக்கெட்டின் ஓட்டைதான் தள்ளியிருந்தது, அரம் போட்டு நீட்டினோம். வெல்டிங் சுத்தம், இன்றுவரை ஒழுகவில்லை. கூட வந்த மூடியை மட்டும் அன்றே தூக்கிப் போட்டுவிட்டு, ஒரிஜினல் 0.9 பார் மூடியையே வைத்தேன். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே கொதிக்க 118 டிகிரி ஆகும். 1.3 பார் மூடி போட்டால் 124 வரைக்கும் தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் முப்பது வயதை நெருங்கும் ஹோஸும் ஹீட்டர் குழாயும் அந்த அழுத்தத்துக்கு என்ன சொல்லும் என்று யோசியுங்கள்.

இனி முக்கியமான விஷயம், டெம்பரேச்சர். டேஷ்போர்டு முள்ளை நம்பவில்லை. அது ரொம்ப நேரம் நடுவிலேயே நின்றுவிட்டுத் திடீரென்று எகிறும் ரகம். மேல் ஹோஸில் சென்சார் வைத்துத் தனி மீட்டர் போட்டேன். பழைய ரேடியேட்டரில் கோலாலம்பூரிலிருந்து கெந்திங் செம்பா ஏற்றம் ஏறினால் 106. புதியதில் அதே ஏற்றம், அதே வேகம், 95. அருமை. ஆனால் பெடரல் ஹைவேயில் சுபாங் பக்கம் ஜாமில் நின்றால் பழையதில் 104, புதியதில் 101. இவ்வளவு செலவுக்கு மூன்றே டிகிரி!

கிள்ளானில் நான் போகும் ரேடியேட்டர் கடை அண்ணன் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "தம்பி, நிக்கிற வண்டியில எஞ்சின் சூடு கொஞ்சம்தான். காத்துதான் இல்ல. கோர், அதான் ரேடியேட்டரோட நடுப்பகுதி, தடிச்சா ஃபேன் இழுக்க இன்னும் கஷ்டம். ஃபேனுக்கு நேரா இருக்கிற வட்டத்துல மட்டும்தான் காத்து போகுது, மிச்சமெல்லாம் சும்மா கிடக்கு."

ரேடியேட்டர் முழுவதையும் மூடுகிற மாதிரி அலுமினியத் தகட்டில் ஒரு ஷ்ரவுட் அடித்து, அதில் ஃபேனை மாட்டினார். ரேடியேட்டருக்கும் பம்பருக்கும் இடையே பக்கவாட்டில் இருந்த சந்துகளை ஸ்பாஞ்சு வைத்து அடைத்தார். சந்து இருந்தால் பின்னால் தள்ளிய சூட்டுக் காற்றே சுற்றிக்கொண்டு முன்னால் வந்துவிடுமாம். கூலி 150 வெள்ளி. அதே ஜாம், ஏர்கோன் ஓட, இப்போது 94. ரேடியேட்டரைவிட இந்தத் தகட்டுக்குத்தான் நான் அதிக மார்க் போடுவேன்.

இன்னொன்று. இங்கே பாதிப் போமன்கள் (மெக்கானிக்குகள்) முதலில் சொல்லும் வைத்தியம், "தெர்மோஸ்டாட்டக் கழட்டிடு." எஞ்சின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் மூடி வைக்கும் வால்வு அது. செய்யாதீர்கள். எஞ்சின் சரியாகச் சூடாகாமல் ஓடினால், இன்னும் குளிராக இருக்கிறது என்று நினைத்து இசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும். ஜாமில் நிற்கும்போது அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. நான் 82 டிகிரி தெர்மோஸ்டாட்டையே வைத்திருக்கிறேன்.

குழாய்த் தண்ணீரும் வேண்டாம். இரும்பு பிளாக்கும் அலுமினிய ரேடியேட்டரும் ஒரே தண்ணீரில் கிடந்தால் அரிப்பது அலுமினியம்தான். நம் ஊரில் உறைபனி கிடையாது, அதனால் பாதிக்குப் பாதி கூலண்ட் அவசியமில்லை. டிஸ்டில்டு வாட்டரில் மூன்றில் ஒரு பங்கு போதும். தண்ணீர்தான் கூலண்டில் இருக்கும் கிளைக்கால் ரசாயனத்தைவிட நன்றாகச் சூட்டைச் சுமக்கும். துரு தடுக்கிற மருந்துக்காகத்தான் கூலண்டே. கலந்து ஊற்றியதும் காற்றுக் குமிழை முழுசாக வெளியேற்றுங்கள். டர்போவுக்குள் போகும் தண்ணீர்க் குழாயில் காற்று மாட்டிக்கொண்டால் வம்பு.

ரேடியேட்டருக்கு ஐந்துக்கு மூன்றரை. பிராக்கெட்டுக்கு அரையும் அந்த மூடிக்கு ஒன்றும் கழித்துவிட்டேன். ஆட்டோ கியர் வைத்திருப்பவர்கள் கீழ்த் தொட்டியில் கியர் ஆயில் கூலர் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள், படம் இரண்டுக்கும் ஒன்றாகத்தான் போட்டிருப்பார்கள். எஞ்சின் மாற்றியதை ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்து இலாகா) இன்னும் பதியாதவர்கள் புஸ்பகோம் வாகனச் சோதனைக்கு முதலில் காசை எடுத்து வையுங்கள், ரேடியேட்டர் அப்புறம்.