சுங்கை சிப்புட் நாட்டு மருந்துக் கடைச் சீமையகத்தி: இலை வாங்கலாம், தைலம் வேண்டாம்

பேருந்து நிலையத்துக்குப் பின்வரிசைக் கடையில் சீமையகத்தி மூன்று வகையாகக் கிடைக்கிறது. காய்ந்த இலை 100 கிராம் 5 வெள்ளி (மலேசிய ரிங்கிட்), பொடி 8 வெள்ளி, 30 மில்லி தைலம் 15 வெள்ளி. மலாய்க்காரர்கள் கெலெங்காங் என்பதும், நம் பெரியவர்கள் வண்டுகொல்லி என்பதும் இதுதான். செம்பனைக் காட்டில் நாள் முழுக்க ரப்பர் பூட்ஸுக்குள் ஊறிய காலோடு வருகிறவர்களுக்குச் சேற்றுப்புண், படர்தாமரை என்றால் கடையில் எடுத்துக் கொடுப்பது தைலத்தைத்தான். மூன்றில் மட்டமானதும் அதுதான்.

இலை தரமானது. நிழலில் உலர்த்தியது, பச்சை போகவில்லை, காம்பும் குறைவு. வாங்கும்போது ஒன்றைக் கசக்கிப் பாருங்கள்: நொறுங்க வேண்டும். வளைந்துகொடுத்தால் ஈரம் இருக்கிறது, பையிலேயே பூசணம் பிடிக்கும். பொடியில் என்ன கலந்திருக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாது. விட்டுவிடலாம்.

தைலத்தோடு ஒரு துண்டுத்தாள் தருகிறார்கள்: ‘பூஞ்சை எதிர்ப்பும் ஆக்சிஜனேற்ற எதிர்ப்பும் ஆய்வில் உறுதி’. தாளில் குறித்திருப்பது எத்தனால் சாறு. குப்பியில் இருப்பது தேங்காய் எண்ணெய். சோதித்த பூஞ்சை காண்டிடா அல்பிகன்ஸ். படர்தாமரைக்குக் காரணம் பெரும்பாலும் டிரைக்கோஃபைட்டான் வகை. இப்படிப் பொருளும் வேறு, பூஞ்சையும் வேறு.

பூஞ்சைச் சோதனையை முறையாகச் செய்தால்: 10 கிராம் இலைத்தூளை 100 மில்லி 80 சதவீத எத்தனாலில் 48 மணி நேரம் ஊறவைத்து, வடிகட்டி, 40 பாகை செல்சியஸில் எத்தனாலை ஆவியாக்க வேண்டும். எஞ்சும் பிசினை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்து, 0.22 மைக்ரான் வடிகட்டியில் விட வேண்டும். இதைத் தவிர்த்தால் இலையோடு வந்த கிருமி வித்துகள் சோதனைத் தட்டில் முளைத்துவிடலாம். பிறகு பூஞ்சையைப் பரப்பிய சபுரோ அகாரில் (பூஞ்சை வளர்க்கும் கூழ்) 6 மில்லிமீட்டர் குழிகள் போட்டு, சாறு ஒன்றில், வெறும் டிஎம்எஸ்ஓ ஒன்றில், பூஞ்சை மருந்தான குளோட்ரிமசோல் ஒன்றில் விட வேண்டும். மருந்து வேலை செய்தால் குழியைச் சுற்றிப் பூஞ்சை வளராத வளையம் தெரியும். காண்டிடா ஒரு நாளில் வளர்ந்துவிடும். டிரைக்கோஃபைட்டானுக்கு 28 பாகையில் 5 முதல் 7 நாள் ஆகும். அவசரக்காரர்கள் காண்டிடாவோடு நிறுத்திக்கொள்வது இதனால்தான். தாளில் உள்ள படத்தில் ஒரே குழி. கரைப்பான் மட்டும் விட்ட குழி இல்லாதபோது வளையத்தை உண்டாக்கியது இலையா கரைப்பானா என்று எப்படிச் சொல்வது?

தைலத்தை அப்படியே குழியில் ஊற்றிப் பார்ப்பதும் வீண். எண்ணெய் அகாருக்குள் பரவாது, வளையம் வராது. அதற்காகத் தைலத்தில் சத்தே இல்லை என்றும் முடிவு கட்டக் கூடாது.

ஆக்சிஜனேற்ற எதிர்ப்புக்கு டிபிபிஎச் என்ற ஊதா நிற வேதிப்பொருளை வைத்து எடுத்த எண் ஒன்றை அச்சிட்டிருக்கிறார்கள். 0.1 மில்லிமோலார் டிபிபிஎச் கரைசலோடு சாற்றைச் சேர்த்து, 30 நிமிடம் இருட்டில் வைத்து, 517 நானோமீட்டரில் ஊதா எவ்வளவு மங்கியது என்று அளக்கும் சோதனை அது. கரைசலை அன்றன்றே கலக்க வேண்டும். சாற்றின் சொந்த நிறத்துக்குத் தனி வெற்றளவை (டிபிபிஎச் சேர்க்காமல் சாற்றை மட்டும் அளப்பது) எடுத்துக் கழிக்காவிட்டால் கணக்கு பிசகும். எல்லாம் சரியாக வந்தாலும் அந்த எண்ணுக்கும் கால்விரல் இடுக்குக்கும் சம்பந்தமில்லை.

குப்பியில் இலை எவ்வளவு சேர்ந்தது என்ற விவரம் இல்லை. பாரம்பரிய மருந்துகளுக்கு மலேசியாவில் தரும், மால் (MAL) என்று தொடங்கி டி (T) எழுத்தில் முடியும் பதிவு எண்ணும் இல்லை. இது போதும், திருப்பி வைத்துவிடுங்கள்.

இலையை வாங்குகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை: கடையில் சொல்வதுபோல் எலுமிச்சைச் சாற்றில் குழைத்துப் பூசிக்கொண்டு வெயிலில் இறங்கினால் தோல் வெந்து கொப்பளிக்கும். கஷாயமாகக் குடித்தால் வயிற்றால் போகும்.