ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபி): சில வருட அனுபவத்தில் சொல்கிறேன்

என் மகனுக்குச் செரிப்ரல் பால்சி, அதாவது மூளை பாதிப்பால் வரும் தசை இயக்கக் குறைபாடு. வலது கையும் காலும் இறுக்கம். அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் பயிற்சிதான் ஆக்குபேஷனல் தெரபி. பால்வாடிப் பருவத்தில் ஆரம்பித்தது, நான்காம் வகுப்புக்கு வந்தும் தொடர்கிறது. பலன் உண்டா என்று கேட்பவர்களுக்காக இது.

உண்டு. ஆனால் கை சரியாகிவிடும் என்று நினைத்துப் போகாதீர்கள். இறுக்கம் அப்படியேதான் இருக்கிறது. மாறியது, அவன் வேலையை அவனே பார்த்துக்கொள்வது. சட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். போடும்போது இறுக்கமான கை முதலில், கழற்றும்போது அது கடைசியில். சட்டையை மடியில் விரித்து, வலது கையை இடது கையால் உள்ளே நுழைத்துத் தோள்வரை இழுத்துவிட்ட பிறகுதான் மற்ற கை. இவ்வளவுதான் சூட்சுமம். இது தெரியும்வரை யூனிஃபார்ம் மாட்டுவதற்குள் ஆட்டோ ஹாரன் அடித்துவிடும். பட்டன் இன்னும் சண்டித்தனம் செய்கிறது. உள்பக்கம் வெல்க்ரோ தைத்துவிட்டேன்.

சாப்பிடுவது இடது கையால். என் மாமியார் முதலில் ஒப்பவே இல்லை. இப்போது சப்பாத்தியை வலது முஷ்டியால் அமுக்கிப் பிடித்து இடது கையால் அவன் பிய்ப்பதைப் பார்த்துவிட்டு, "இன்னொண்ணு போடவா கண்ணு" என்கிறார்.

இடது கைக்கு உறை மாட்டி, வலது கையையே பழக்கும் முறையும் உண்டு. சும்மா மாட்டினால் அழுகைதான். பல்லாங்குழியில் சோழி போடச் சொன்னதும் நேரம் போனதே தெரியவில்லை.

கையைச் சரியான நிலையில் பிடித்துவைக்கும் பிளாஸ்டிக் தாங்கியான ஸ்ப்ளின்ட் பாதி வரம், பாதி தொல்லை. வெந்நீரில் இளக்கி வார்ப்பது என்பதால் வெயிலில் நிற்கும் காரில் விட்டால் கோணிவிடும். கோடையில் வேர்க்குரு வேறு. பிள்ளை வளர வளர மாற்றவும் வேண்டும்.

ஒரு மையத்தில் பெற்றோரை உள்ளேயே விடமாட்டார்கள். ஊஞ்சல், பந்து என்று முக்கால் மணி நேரம் போகும். வீட்டில் என்ன செய்வது என்று கேட்டால் பதில் வராது. அங்கே போவதை நிறுத்திவிட்டோம். தெரபிஸ்ட் செய்வதைப் பார்க்க முடியாத இடத்துக்குப் பணம் கட்டாதீர்கள்.

பணம் என்றதும், மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை உண்டு. செரிப்ரல் பால்சி, ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு. தெரபிக்குத் தனி உச்சவரம்பு இருக்கிறது, கேட்டுக்கொள்ளுங்கள். சென்னைப் பக்கம் இருப்பவர்கள் முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்காக இருக்கும் மத்திய அரசு நிறுவனத்தையும் (NIEPMD) ஒருமுறை போய்ப் பாருங்கள்.

இப்போதைய இலக்கு ஸ்கேல். வலது கையால் அமுக்கி, இடது கையால் கோடு போட வேண்டும். பாதியில் வழுக்குகிறது. அடியில் ரப்பர் ஒட்டிப் பார்க்கிறோம்.